மேட்டுக்காட்டுல வட்டமா கெடக்குற அந்தக் கல்லுங்க என்னது? கற்குவை பத்தி ஒரு அறிமுகம்

எங்க அம்மா ஊரு செங்கல்பட்டு பக்கம் ஒரு சின்ன கிராமம். ஏரிக்கரைய தாண்டி மேக்கால போனா செம்மண்ணும் சரளையுமா ஒரு மேடு வரும், வெவசாயத்துக்கு ஒதவாது, சூரமுள்ளும் காரச்செடியும்தான் மொளைக்கும். லீவுக்கு போனா மாமா பசங்களோட ஆடு ஓட்டிக்கிட்டு அங்கதான் கெடப்போம். மேட்டு மேல பெரிய பெரிய பாறாங்கல்லு வட்டமா, பாதி பொதைஞ்ச மாதிரி நிக்கும், நடுவுல சின்ன கல்லா கொட்டி வச்ச மாதிரி ஒரு குமி. அதுல நாங்க ஒரு வெளையாட்டு வச்சிருந்தோம். ஆளுக்கு ஒரு கல்லு மேல ஏறி நிக்கணும், கல்லு கெடைக்காதவன் நடுவுல நிக்கணும், கை தட்டினதும் எல்லாரும் எடம் மாத்தணும். பெரிய வட்டத்துல 17 கல்லு. அந்த நம்பர் எனக்கு இன்னும் மறக்கல, ஏன்னா ஊர் பசங்க மொத்தமும் சேந்துட்டா 18வது ஆளு எப்பவும் நான்தான்.

ஆயா மட்டும் கத்திக்கிட்டே இருக்கும், அது பாண்டவர் குழிடா, பொழுது சாஞ்சா அங்க நிக்காதீங்கன்னு. பாண்டவர் ஏன் எங்க ஊருக்கு வந்தாங்கன்னு கேட்டா வனவாசம் வந்தப்ப வந்தாங்கன்னு பதில். மேட்டோட ஒரு ஓரத்துல தொல்லியல் துறை வச்ச நீல போர்டு ஒண்ணு துரு புடிச்சு நின்னுச்சு, அத யாரும் படிச்ச மாதிரி தெரியல, நானும் படிக்கல. காலேஜ் முடிச்சு பல வருஷம் கழிச்சுதான் நின்னு படிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது நாங்க ஏறி குதிச்சது யாரோட சமாதி மேலன்னு.

இத படிக்கிற பல பேரு ஊர்லயும் இப்படி ஒரு மேடு இருக்கலாம், அதனால அடியிலேருந்து சொல்றேன்.

இந்தக் கல்லு குமிக்கு தமிழ்ல கற்குவைன்னு பேரு. குமிய சுத்தி பெரிய கல்ல வட்டமா வச்சிருந்தா கல்வட்டம்னு சொல்வாங்க, நம்ம பக்கம் ரெண்டும் சேந்தே தான் பெரும்பாலும் இருக்கும். இங்கிலீஷ்ல கெய்ர்ன்னு எழுதுறாங்களே அதேதான், அந்த வார்த்தை ஸ்காட்லாந்து காரங்க பேசுற கேலிக் மொழியிலேருந்து வந்தது, அங்கயும் ஆயிரக்கணக்கான வருஷம் முந்தின கல்லு குமிங்க இருக்கு. மலை ஏறப் போறவங்க வழி தெரிய நாலு கல்ல அடுக்கி வைப்பாங்களே அதுக்கும் அங்க அதே பேரு. ஆனா நாம பேசுறது வழி காட்டுற கல்லு இல்ல, செத்தவங்களுக்கு வச்ச கல்லு. பெரிய பெரிய கல்ல வச்சு ஈமச்சின்னம் எழுப்புன காலம்ங்கறதால பெருங்கற்காலம்னு சொல்றாங்க. தென்னிந்தியாவுல இது இரும்பு பொழக்கத்துக்கு வந்த காலத்தோட ஒட்டி வரும், ரொம்ப நாளா புஸ்தகங்கள்ல கி.மு. 1000 சுமாருக்கு ஆரம்பிச்சு கி.பி. மொதல் ரெண்டு மூணு நூற்றாண்டு வரைக்கும்னு போட்டிருந்தாங்க, இப்ப மயிலாடும்பாறை, சிவகளைன்னு தமிழ்நாட்டுல தோண்டின எடங்கள்லேருந்து புதுசு புதுசா தேதி வந்து இரும்போட காலத்த ரொம்பவே பின்னாடி தள்ளிக்கிட்டு இருக்கு, அந்த சண்டை தனி கதை.

சரி, உள்ள என்ன இருக்கு? மேலேந்து கீழ எறங்கிப் பாப்போம்.

மொதல்ல வெளி வட்டம். உருட்டி எடுத்துட்டு வந்த பாறாங்கல்லு, செதுக்கி இருக்க மாட்டாங்க. சும்மா வச்சது மாதிரி தெரியும், ஆனா கல்லோட அடிப்பாகத்த மண்ணுல எறக்கி நிலைக்க வச்சிருப்பாங்க, அதனாலதான் இத்தன மழைக்கும் உருண்டு ஓடல. வட்டம் சிலது 3, 4 மீட்டர்தான் இருக்கும், சிலது 10 மீட்டருக்கு மேலயும் போகும். அதுக்குள்ள சின்ன கல்லும் மண்ணுமா கொட்டி மேடாக்கியிருப்பாங்க. இந்த குமி ஒரு மூடி மாதிரி, நரி தோண்டக் கூடாது, மழைத்தண்ணி நேரா எறங்கக் கூடாது, தூரத்துலேருந்து பாத்தா எடம் தெரியணும், எல்லாத்துக்கும் சேத்து.

குமிய எடுத்தா கீழ ஒரு பெரிய பலகைக்கல்லு, மூடுகல். அத தூக்கினாதான் அறை. நாலு பக்கமும் கல்பலகைய செங்குத்தா நிறுத்தி, அடியில ஒரு பலகை போட்டு, மண்ணுக்குள்ள ஒரு கல்லு பெட்டி. இதுக்கு பேரு கற்பதுக்கை. இதே பெட்டிய தரைக்கு மேல தெரியிற மாதிரி கட்டியிருந்தா கற்திட்டை, தனியா ஒரே ஒரு கல்ல உசரமா நட்டு வச்சிருந்தா நெடுங்கல். ஒரு காலத்துல ஆளாளுக்கு ஒரு பேரு வச்சு எழுதிக்கிட்டு இருந்தாங்க, தொல்லியல் துறையில இருந்த வி.டி. கிருஷ்ணசாமி 1949ல தென்னிந்திய வகைகள எல்லாம் வரிசைப்படுத்தி இதுக்கு இதுதான் பேருன்னு எழுதி வச்சாரு, அப்புறம்தான் கொழப்பம் கொறைஞ்சுது.

அந்த நாலு பலகைய நிறுத்தின விதம் இருக்கே, அதுல நான் சொக்கிப் போயிட்டேன். சாதாரண பெட்டி மாதிரி மூலைக்கு மூலை ஒட்டி வைக்கல. ஒவ்வொரு பலகையும் ஒரு முனையில அடுத்த பலகைய தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கும், இன்னொரு முனையில முந்தின பலகை மேல சாஞ்சு முட்டிக்கிட்டு நிக்கும், மேலேந்து பாத்தா ஸ்வஸ்திக் மாதிரி இருக்கும். வீட்டுல அட்டைப்பெட்டிய டேப் இல்லாம மூடுறப்ப நாலு மூடியயும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுவோம்ல, கைய எடுத்தாலும் தொறக்காது, கிட்டத்தட்ட அந்த வேலைதான். வெளியிலேருந்து மண்ணு அழுத்த அழுத்த பலகைங்க ஒண்ண ஒண்ணு இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கும். சிமெண்டு கெடையாது, ஆணி கெடையாது, மண்ணோட பாரத்தையே பூட்டா மாத்திட்டாங்க. எங்க ஊர் பஸ் ஸ்டாப்பு கட்டி ஆறு வருஷத்துல பொளந்துடுச்சு, நான் வேற என்னத்த சொல்ல.

ஒரு பலகையில, நெறைய எடத்துல கெழக்கு பக்கத்து பலகையில, வட்டமா ஒரு ஓட்டை போட்டிருப்பாங்க. இடுதுளைன்னு பேரு. ஒரு மனுஷன் முழுசா நுழைய முடியாத அளவு. பின்னால செத்தவங்க எலும்ப உள்ள வைக்கவா, இல்ல ஆவி வந்து போக வழியான்னு ரெண்டு விதமாவும் சொல்றாங்க. நம்ம ஊருங்கள்ல இத பாத்துட்டுதான் உள்ள குள்ளர்ங்க குடும்பம் நடத்தினாங்கன்னு கதை கட்டியிருக்காங்க, சித்திரக்குள்ளர் வீடு, வாலியர் வீடு, மோரியர் வீடுன்னு ஊருக்கு ஊரு பேரு மாறும். ஓட்டை சின்னதா இருந்தா ஆளும் சின்னதாத்தான இருக்கணும், யோசிச்சா நியாயமான கணக்குதான்.

எல்லா குமிக்கும் கீழ கல்லு பெட்டி இருக்கும்னு நெனைக்க வேணாம். சிலதுல வெறும் குழி, சிலதுல தாழி. எங்க செங்கல்பட்டு பக்கத்துல இன்னொரு வகை உண்டு, சுட்ட மண்ணுல செஞ்ச நீளமான தொட்டி, அடியில வரிசையா குட்டை குட்டை காலு, ஈமப்பேழைன்னு சொல்வாங்க. எழும்பூர் மியூசியத்துல இருக்கு, போனா பாருங்க, அதுல ஆந்திராவுல சங்கவரம்ங்கற எடத்துலேருந்து வந்தது ஒண்ணு செம்மறி ஆட்டு தலையோட இருக்கும், அதுக்கு முன்னாடி நின்னுட்டு நகரவே மனசு வராது.

உள்ள வச்சிருக்கறது என்னன்னா, பானைங்கதான் மொதல்ல. கறுப்பு சிவப்பு பானைன்னு பேரு, வெளிய சிவப்பு, உள்ளயும் வாய் ஓரமும் கறுப்பு. ரெண்டு பெயிண்டு அடிச்சது இல்ல, சூளையில பானைய கவுத்து வச்சு சுடுவாங்க, வெளிப்பக்கம் காத்து படும் அதனால செவக்கும், கவுந்து கெடக்குற உள்பக்கம் காத்து போகாம கரியேறி கறுக்கும். அப்புறம் இரும்பு கத்தி, வாள், அம்பு முனை, கோடாலி. பாசிமணி. நொய்யல் கரையில கொடுமணல்ல தோண்டின ஒரே கல்லறையில ஆயிரக்கணக்குல சூதுபவளம்ங்கற செவப்பு கல்லு மணி கெடைச்சுது.

எலும்பு கொஞ்சந்தான் இருக்கும், பல எடத்துல முழு ஒடம்பும் இருக்காது. காரணம், செத்த ஒடனே இதுக்குள்ள வைக்கிறது ரொம்ப பேருக்கு நடக்கல. ஒடம்ப வேற எடத்துல விட்டுட்டு, அப்புறம் மிஞ்சின எலும்ப பொறுக்கிட்டு வந்து மரியாதையோட இங்க வச்சிருக்காங்க. மணிமேகலையில சக்கரவாளக் கோட்டத்து சுடுகாட்ட பத்தி சொல்லும்போது ஒரு வரிசை வரும், "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்"னு. எரிக்கிறவங்க, அப்படியே போட்டுட்டு போறவங்க, குழி வெட்டி பொதைக்கிறவங்க, பள்ளத்துல அடைக்கிறவங்க, தாழியில கவுக்குறவங்க. அஞ்சு வழக்கமும் ஒரே ஊர்ல பக்கத்து பக்கத்துல. புறநானூறுல 3வது பாட்டுல "அம்புவிட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை"ன்னு வருது, வழிப்பறிக்காரன் அம்புல செத்தவன் மேல புதுசா குவிச்ச கல்லு, அதுக்கு பக்கத்துல பருந்து உக்காந்திருக்கும். 264வது பாட்டுல பரல் கல்லு கெடக்குற எடத்துல பதுக்கை சேத்து, செம்பூ கண்ணியும் மயில்பீலியும் சூட்டி, பேரு எழுதி கல்லு நட்டாங்கன்னு வருது. அதாவது சங்கப் பாட்டு எழுதினவங்களுக்கு கல்லு குமிங்கறது கண்ணு முன்னாடி இருந்த சங்கதி. ஸ்கூல்ல இந்தப் பாட்ட மனப்பாடம் பண்ணினப்ப, பதுக்கைன்னா எங்க ஊர் மேட்டுல இருக்கே அந்த மாதிரின்னு ஒருத்தராவது காட்டியிருந்தா நான் இன்னும் ரெண்டு மார்க்கு சேத்து வாங்கியிருப்பேன்.

எங்க தேடணும்னு கேட்டா, நல்ல வயல்ல தேடாதீங்க. இந்தக் கல்வட்டம்லாம் பெரும்பாலும் பயிர் ஏறாத சரளை மேட்டுலயும் மலையடிவாரத்துலயும்தான் இருக்கு, பக்கத்துலயே ஒரு ஏரியோ தண்ணி ஓட்டமோ இருக்கும். செங்கல்பட்டு பக்கம் ஆராய்ச்சி பண்ணினவங்க இத அப்பவே கவனிச்சு எழுதியிருக்காங்க. சோறு போடுற மண்ண உசுரோட இருக்குறவங்களுக்கு விட்டுட்டு ஒதவாத மேட்ட செத்தவங்களுக்கு குடுத்திருக்காங்க. இதே காரணத்தாலதான் இத்தன நாள் ஏர் படாம பொழைச்சுது, இதே காரணத்தாலதான் இப்ப "சும்மா கெடக்குற பொறம்போக்கு"ன்னு குவாரிக்கும் பிளாட்டுக்கும் மொதல்ல போகுது.

நெலத்துல இருந்த கல்ல பொறுக்கி வரப்போரமா குவிச்சதுக்கும் இதுக்கும் வித்தியாசம் எப்படி தெரியும்னா, வரப்பு குமியில எல்லாமே கைக்கு அடங்குற கல்லு, வட்டம் இருக்காது, ஒண்ணு தனியா இருக்கும். கற்குவைன்னா வெளிக்கல்லுங்க பெருசா, மண்ணுக்குள்ள எறங்கி, வெள்ளையும் சாம்பலுமா பாசி படை படையா புடிச்சு இருக்கும். நடுவுல சில நேரம் பலகைக்கல்லோட விளிம்பு மட்டும் ஒரு கோடு மாதிரி நீட்டிக்கிட்டு தெரியும், மழை பேஞ்ச மறுநாள் போனா கறுப்பு சிவப்பு ஓடு ஒண்ணு ரெண்டு கழுவி விட்ட மாதிரி மேல கெடக்கும். ஒண்ணு இருந்தா சுத்திப் பாருங்க, அடுத்தது இருக்கும். அது சுடுகாடு இல்லையா, தனியா எங்க இருக்கப் போகுது.

இப்ப பாதுகாக்கப்பட்டதுன்னா என்னன்னு பாப்போம், இங்கதான் ஜனங்களுக்கு ரொம்ப கொழப்பம். மத்திய தொல்லியல் துறையோட சென்னை வட்ட பட்டியல எடுத்து பாத்தீங்கன்னா, மாமல்லபுரம் கோயில்களோட சேத்து பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் பேரா வரிசையா வரும், பக்கத்துல பெருங்கற்கால கல்லறை, கற்குவைன்னு போட்டிருக்கும், ஒரு கோயில் கூட இல்லாத ஊருங்க அதெல்லாம். அந்த மாவட்டத்துல வெள்ளைக்காரங்க காலத்து தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ பெரும்பேர்ல தோண்டினாரு, 1950லயும் 1952லயும் சானூர்ல பானர்ஜியும் சௌந்தரராஜனும் தோண்டினாங்க, அப்புறம் குன்னத்தூர்ல கிருஷ்ணசாமி. பட்டியல்ல இருந்தா, பழைய சின்னங்கள பாதுகாக்குற மத்திய அரசோட 1958ம் வருஷ சட்டம் பொருந்தும். ஒரு எடத்த பாதுகாக்கப்பட்டதுன்னு அறிவிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் நோட்டீஸ் போட்டு ஆட்சேபணை கேக்கணும், அறிவிச்சாலும் நெலம் தனியாரோடதா இருந்தா அவருகிட்டயே இருக்கலாம். ஆனா பாதுகாத்த பகுதிக்குள்ள சொந்தக்காரரே ஆனாலும் வீடு கட்ட, கல்லு ஒடைக்க, வெடி வைக்க, தோண்ட முடியாது. வெவசாயம் பண்ணலாமான்னு கேப்பீங்க, பண்ணலாம், மேல்மண்ண ஒரு அடிக்கு மேல தோண்டாம இருந்தா சரின்னு சட்டத்துலயே இருக்கு. அத இங்கிலீஷ்ல எழுதியிருக்குற வாக்கியத்துல "இல்ல" ரெண்டு தடவ வந்து அர்த்தமே தலகீழா போகுற மாதிரி இருக்கும், வக்கீல் ஃப்ரெண்டு ஒருத்தன்ட்ட காட்டினேன், படிச்சிட்டு சிரிச்சான்.

2010ல திருத்தம் வந்துச்சு. பாதுகாத்த எல்லையிலேருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதுக்கு அந்தாண்ட இன்னும் 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கிட்டுதான் கட்டணும். 100 மீட்டருக்குள்ள ஏற்கனவே வீடு இருந்தா ரிப்பேருக்கும் அனுமதி வேணும். கல்ல சேதப்படுத்தினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. தமிழ்நாடு அரசோட தொல்லியல் துறைக்கு 1966ம் வருஷ சட்டம் தனியா இருக்கு, அதுக்கு தனி பட்டியல். ரெண்டு பட்டியல்லயும் வராத கல்வட்டம்தான் ஊர் ஊரா கெடக்கு, பெரிய வேதனை அதுதான். இந்த 100 மீட்டர் கணக்கால அவதிப்படுற குடும்பங்கள எனக்கு தெரியும், அவங்க கோவமும் தப்பில்ல, பாத்ரூம் கட்ட ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவங்களுக்கு போய் தொன்மை பெருமைன்னு பேச முடியாது.

ஆனா ஏன் இவ்ளோ கண்டிப்புன்னு புரியணும்னா பொருந்தல் கதைய கேக்கணும். பழனிக்கு பக்கத்துல மலையடிவாரத்துல இருக்கு பொருந்தல். பேராசிரியர் கா. ராஜன் குழு அங்க ஒரு கல்லறைய 2009 வாக்குல தோண்டினப்ப, உள்ள நாலு கால் வச்ச ஒரு ஜாடி, அதுக்குள்ள நெல்லு. ரெண்டு கிலோ. செத்தவருக்கு போற வழிக்கு குடுத்தனுப்பின நெல்லு. கூடவே பானை வைக்கிற பிரிமனை ஒண்ணு, அதுல தமிழ் பிராமி, அதாவது தமிழ எழுதின ரொம்ப பழைய எழுத்து. நெல்ல அமெரிக்கா லேபுக்கு அனுப்பினாங்க, கி.மு. 490ன்னு தேதி வந்துச்சு. நெல்லுக்கு தேதி கெடைச்சதால கூட இருந்த எழுத்துக்கும் தேதி கெடைச்சுது, அசோகருக்கு முந்தியே இங்க எழுத்து இருந்துச்சான்னு பெரிய விவாதமே கெளம்புச்சு. அந்த விவாதம் மொத்தமும் நிக்கிறது ஒரே ஒரு விஷயத்து மேல, நெல்லும் எழுத்தும் ஒரே மூடின அறைக்குள்ள ஒண்ணா இருந்துச்சுங்கறது மேல. பொதையல் தேடுறவன் மொதல்ல எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஜாடிய கவுத்துருப்பான், நெல்லு மண்ணோட போயிருக்கும், பிரிமனைய ஓடுன்னு வீசியிருப்பான், தங்கம் இல்லன்னு திட்டிட்டு போயிருப்பான்.

எங்க மேட்டுலயே ஒரு சின்ன வட்டத்த அப்படி பண்ணாங்க. யாருன்னு தெரியல, ராத்திரியோட ராத்திரியா, எலுமிச்சம்பழமும் குங்குமமும் வேற கெடந்துச்சு. மறுநாள் போய் பாத்தா மூடுகல் ரெண்டா ஒடைஞ்சு, குழியில மழைத்தண்ணி, சுத்தி புது ஒடைசலா பானை ஓடு. ஒடைஞ்ச எடம் மட்டும் அவ்ளோ புதுசா, பழைய செங்கல்ல ஒடைச்சா உள்ள தெரியுமே அந்த செவப்பு. அதுக்கப்புறம் ஏரிக்கரை வேலைக்கு வந்த லாரி வேற ரெண்டு வட்டத்த காலி பண்ணிடுச்சு, கேட்டா "கல்லுதான சார்"னாங்க.

நீங்க எங்கயாவது புதுசா பாத்தா, கல்ல நகத்தாதீங்க, ஓட்ட பொறுக்கி பையில போடாதீங்க, வெளக்கமாறு போட்டு சுத்தம் பண்றேன்னு எறங்கவும் வேணாம். பக்கத்துல செருப்போ தண்ணி பாட்டிலோ வச்சு அளவு தெரியிற மாதிரி ஃபோட்டோ எடுங்க, எந்த ஏரிக்கு எந்த பக்கம்னு எழுதிக்குங்க, வி.ஏ.ஓ. கிட்டயும் மாவட்டத்து தொல்லியல் அலுவலர் கிட்டயும் குடுங்க. வீடு கட்ட தோண்டும்போது பொருள் ஏதாவது கெடைச்சா கலெக்டருக்கு தெரிவிக்கணும், அதுக்கு 1878லேருந்தே புதையல் சட்டம் ஒண்ணு இருக்கு, 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா சொல்லியே ஆகணும். அந்த 10 ரூபா அந்தக் காலத்து 10 ரூபா, இன்னும் மாத்தல. எடத்த அப்படியே மேப்போட சோஷியல் மீடியாவுல போடாதீங்க, எலுமிச்சம்பழத்தோட வர்றவங்களுக்கும் நெட் இருக்கு.

போன மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப பெரிய வட்டத்த எண்ணிப் பாத்தேன். 14தான் இருக்கு. மூணு எடத்துல கல்லு இருந்த பள்ளம் மட்டும், உள்ள நெருஞ்சி மொளைச்சு கெடக்கு. ரெண்டு எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. மூணாவது எங்க இருக்குன்னு எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரிஞ்சுது, பெரிய மாமா வீட்டு கெணத்தடியில, மேல்பக்கம் வழவழன்னு, ஓரத்துல மட்டும் அந்த சாம்பல் பாசி. வீடு கட்டுனப்ப மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்தாராம், முப்பது வருஷமா அத்தை அதுலதான் துணி தொவைக்குது. நான் ஒண்ணும் சொல்லல, என் சட்டையும் அதுல காஞ்சுக்கிட்டு இருந்துச்சு.